பாத்துமாவின் ஆடு பிறந்த இடம்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ் வாசகர்களுக்கு,



மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பலர் அவரைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தவர்கள். அவர் பெயரைச் சொன்னதும் ஆடு, ஆனை, மூக்கு என்று கதைகளை அடுக்கிக்கொண்டே போவோம். அந்தச் சிரிப்பை எழுதியபோது அவர் என்ன நிலையில் இருந்தார் என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. பேசினாலும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். பஷீர் அதை ஒளிக்கவே இல்லை. 'பாத்துமாவின் ஆடு' நாவலை மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் எழுதியதாக, அந்த நாவலின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

அவர் வாய்திறந்து சொன்னதை நாம் ஏன் மூடி மூடிப் பேச வேண்டும்? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நம் ஊர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. கோடு எங்கே விழுந்தாலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று வீட்டுக்குள் தமிழும் கடைவீதியில் தெலுங்குமாக வாழ்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். நம் படிப்பும் அப்படித்தான். தேவனின் துப்பறியும் சாம்புவும் பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி, சீதாப்பாட்டியும் நம் வீட்டுக் கூடத்தில் வளர்ந்தவர்கள். தெருவுக்கு வந்தால் தெலுங்கில் நாமினி சுப்பிரமணியம் நாயுடு இருக்கிறார். திருப்பதிப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சிலேயே தன் தாயையும், வீட்டையும், மாட்டையும், வறுமையையும் எழுதியவர். அவருடைய 'பச்சனாகு சாட்சிகா'வைப் படித்தவர்களுக்குப் பஷீர் அந்நியராகத் தெரிய மாட்டார். ஏழை வீட்டுக்குள் நடக்கிற சண்டையையும் சலுகையையும் ஒரு துளி வெறுப்பில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் இருவரும். குளச்சல் மு. யூசுபின் மொழிபெயர்ப்புகள் பஷீரைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தன. ஆகவே அவரை நம் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

முதலில் அந்த நாவலைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பல வருஷம் ஊர் ஊராக அலைந்த பஷீர், ஓய்வெடுக்கலாம் என்று தலையோலப்பறம்பில் உள்ள பிறந்த வீட்டுக்கு வருகிறார். சின்ன வீடு. அதற்குள் உம்மா, தம்பிகள், தம்பிமார் மனைவிகள், தங்கைகள், அவர்களின் கணவன்மார், குழந்தைகள், கோழிகள், பூனைகள் எல்லாம் அடக்கம். கட்டிக்கொடுத்த தங்கை பாத்துமா தினமும் காலையில் மகள் கதீஜாவையும் ஓர் ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். அந்த ஆடு எதையும் விட்டுவைப்பதில்லை. இலை, பழம், கஞ்சி எல்லாம் தின்றுவிட்டுப் பஷீரின் அறைக்குள்ளும் நுழைகிறது. அங்கே இருந்த அவருடைய 'பால்யகால சகி'யைத் தின்கிறது. 'சப்தங்க'ளைத் தின்கிறது. பஷீர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு அது அவருடைய விலையுயர்ந்த கம்பளிப் போர்வையில் வாய் வைக்கிறது. அப்போதுதான் ஓடிப்போய்த் தடுக்கிறார். புத்தகம் என்றால் வேறு பிரதி இருக்கிறது, எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன், போர்வை ஒன்றே ஒன்றுதான் என்று ஆட்டிடம் முறையிடுகிறார்.

இந்த இடத்தை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 'பால்யகால சகி' 1944இல் வந்த நாவல். மலையாளிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரோடு படித்த காதல் கதை. 'சப்தங்கள்' 1947இல் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஒன்று புகழ் தந்த புத்தகம், மற்றது வசவு வாங்கித் தந்த புத்தகம். இரண்டையும் ஒரே ஆட்டின் வாயில் கொடுத்துவிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொள்கிற கம்பளியை மட்டும் காப்பாற்றுகிறார் ஒரு மனிதர். புகழையும் பழியையும் அவர் எந்த இடத்தில் வைத்திருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வீட்டில் எல்லோரும் பஷீரிடம் பணம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் தனியாக வந்து, மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று சொல்லிக் கேட்கிறார்கள். உம்மாவின் கைக்குப் போகிற காசு தம்பி அப்துல் காதரின் கைக்குப் போய்விடுகிறது. இன்னொரு தம்பி ஹனீபா, ஏதாவது சொன்னால் பட்டாளத்துக்கே போய்விடுவேன் என்று மிரட்டுகிறான். ஆடு குட்டி போட்டதும் பாலுக்குப் போட்டி தொடங்குகிறது. பாத்துமாவுக்குத் தெரியாமல் வீட்டுப் பெண்கள் பாலைக் கறந்துகொள்கிறார்கள். எழுதியவர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இல்லாமை என்ன செய்யவைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தம்மிடம் பணம் பிடுங்குகிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் வருகிறது, அடுத்த பத்தியில் ஆறிப்போகிறது. மூத்த மகன், ஊர் போற்றும் எழுத்தாளர் என்ற உயரத்தில் நின்று அவர் வீட்டைப் பார்ப்பதில்லை. அந்த நெரிசலுக்குள் தானும் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறார். நகைச்சுவை எழுதுகிறவர்களில் இந்த இடத்தைப் பிடித்தவர்கள் குறைவு. பிறரைப் பார்த்துச் சிரிக்கவைப்பது எளிது. கூடவே உட்கார்ந்து சிரிக்கவைப்பதற்குப் பெரிய மனசு வேண்டும்.

இந்த நாவல் 1954இல் எழுதப்பட்டது. பஷீருக்கு அப்போது 46 வயது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகக் கோழிக்கோடு போய்ச் சிறை புகுந்தவர். விடுதலையான பின் இந்தியாவெங்கும் அலைந்து கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். 1940களில் மறுபடியும் திருவனந்தபுரம் சிறையில் இருந்தவர். அவ்வளவையும் தாங்கிய மனம் ஒரு கட்டத்தில் நோயில் விழுந்தது. யாரோ தம்மைத் தாக்க வருகிறார்கள் என்கிற பயம், சந்தேகம், தூக்கமின்மை என்று அவர் பட்ட பாடு சின்னதல்ல. திருச்சூரில் வல்லப்புழை வைத்தியரின் மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே இருந்துகொண்டுதான் தலையோலப்பறம்பு வீட்டையும் ஆட்டையும் எழுதினார்.

பஷீர் ஒரு கதையைத் திரும்பத் திரும்ப எழுதித் திருத்துகிறவர். இதையும் படியெடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்றுதான் வைத்திருந்தார். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. 1959இல் எடுத்துப் படித்துப் பார்த்தார். எதையும் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இந்த விவரத்தையும் சிகிச்சையில் இருந்த விவரத்தையும் சேர்த்தே முன்னுரையில் எழுதினார். 1959ஐ நினைத்துப் பாருங்கள். மனநோய் வந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஊர் தயங்கிய காலம். அப்போது ஓர் எழுத்தாளர், தம் புத்தகத்தின் வாசலிலேயே இதைச் சொல்லிவிட்டு வாசகரை உள்ளே அழைக்கிறார். என்னைப் பொறுத்தவரை அவர் எழுதியதிலேயே துணிச்சலான பக்கங்கள் அவைதான்.

இதைச் சொன்னதும் ஒரு பேச்சு கிளம்பும். பைத்தியம் பிடித்ததால்தான் அப்படி எழுத முடிந்தது, மேதைக்கும் பைத்தியத்துக்கும் ஒரு நூல்தான் இடைவெளி என்பார்கள். தயவுசெய்து இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். நோய் முற்றியிருந்தபோது பஷீர் நாவல் எழுதவில்லை. பயத்திலும் தூக்கமின்மையிலும் தவித்தார். சுற்றியிருந்தவர்களும் தவித்தார்கள். அவரை வைத்தியரிடம் கொண்டுசேர்த்த பிறகு, வேளாவேளைக்குச் சாப்பாடும் மருந்தும் தூக்கமும் கிடைத்த பிறகு, மனம் மெல்லத் தெளிந்துவந்தபோது எழுதினார். 'எங்கள் உப்பப்பாவுக்கு ஓர் ஆனை இருந்தது', 'பிரேமலேகனம்' இரண்டும் நோய்க்கு முன்னால் வந்தவை. கைவசம் இருந்த கலையை நோய் பறிக்கப் பார்த்தது, சிகிச்சை மீட்டுக் கொடுத்தது. இதில் நோய்க்குக் கொடுக்க வேண்டிய பாராட்டு ஒன்றுமில்லை. பாராட்டு அவருக்கும், அவரைக் கைவிடாத மனிதர்களுக்கும்தான்.

அந்த மனிதர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பாத்திமா பீ. ஃபாபி என்று பஷீர் கூப்பிட்ட அவருடைய மனைவி. ஐம்பது வயதை ஒட்டித்தான் பஷீர் திருமணம் செய்துகொண்டார். திருமணத்துக்குப் பின்னும் நோய் ஒருமுறை திரும்பி வந்தது. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, கணவரின் பயத்தையும் சந்தேகத்தையும் பக்கத்திலிருந்து தாங்கியவர் அந்த அம்மையார். பிற்காலத்தில் 'பஷீரின்டெ எடியே' என்ற தன் நினைவு நூலில் அந்த வாழ்க்கையை அவரே சொன்னார். சிகிச்சை முடிந்து பஷீர் மறுபடியும் எழுத உட்கார்ந்தார். 1964இல் வந்த 'பார்கவி நிலையம்' படத்துக்குத் திரைக்கதை எழுதினார். 1965இல் 'மதிலுகள்' நூலாக வந்தது. சிறை மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, முகம் தெரியாத நாராயணியோடு இந்தப் பக்கத்துக் கைதி காதல் வளர்க்கிற கதை. அடூர் கோபாலகிருஷ்ணன் அதைப் படமாக எடுத்தபோது மம்மூட்டி பஷீராக நடித்தார்.

தம் பேப்பூர் வீட்டு முற்றத்தில், மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு, பக்கத்தில் கிராமபோன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிற பஷீரின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேடி வந்தவர்களுக்கெல்லாம் அங்கே தேநீரும் பேச்சும் கிடைத்தன. 1982இல் பத்மஸ்ரீ வந்தது. 1994 ஜூலை 5ஆம் தேதி காலமானார். முதல் சிகிச்சைக்குப் பின் நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார். மனநோய் வந்தால் வாழ்க்கை அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் இந்த நாற்பது வருஷத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். அதில் கல்யாணம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், புத்தகங்கள் இருக்கின்றன.

பஷீரைப் போலவே தம் நோயை வாசகர்களிடம் நேரடியாகச் சொன்ன இன்னொரு நகைச்சுவை நாவலாசிரியர் இங்கிலாந்தில் இருந்தார். டெர்ரி பிராட்செட். யானைகளின் முதுகில் நிற்கிற தட்டையான உலகம் ஒன்றைக் கற்பனை செய்து, 'டிஸ்க்வேர்ல்டு' வரிசையில் 41 நாவல்கள் எழுதியவர். 2007 டிசம்பரில், 59ஆவது வயதில், தமக்கு அல்சைமர் நோயின் அரிதான வகை ஒன்று வந்திருப்பதை அவரே அறிவித்தார். மூளையின் பின்பகுதி சுருங்கி, கண் பார்க்கிற பொருளை மூளை புரிந்துகொள்ள முடியாமல் போகிற வகை அது. தட்டச்சு செய்வது கைவிட்டுப் போனது. உதவியாளர் ராப் வில்கின்ஸிடமும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடமும் வாயால் சொல்லியே அடுத்தடுத்த நாவல்களை முடித்தார். 2008இல் அல்சைமர் ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அவருடைய வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் எழுத்தாளர் கொடுத்த தொகைக்கு ஈடாக நாங்களும் கொடுப்போம் என்று பணம் திரட்ட இறங்கினார்கள். 2015 மார்ச் 12இல் அவர் இறந்தார். கடைசி நாவல் அதே ஆண்டில் வெளிவந்தது.

இரண்டு நோயும் ஒன்றல்ல. பஷீருக்கு வந்தது சிகிச்சையில் தணிந்து, சில சமயம் திரும்பி வந்து, மறுபடியும் தணிகிற வகை. பிராட்செட்டுக்கு வந்ததைக் குணப்படுத்த இன்றைக்கும் மருந்து கிடையாது. ஆனால் இருவரும் செய்த காரியம் ஒன்று. தங்களைப் பற்றி ஊர் கிசுகிசுப்பதற்கு முன், தாங்களே சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகும் சிரிக்கவைப்பதை நிறுத்தவில்லை.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம்.

என் சித்தப்பா ஒருவர் புத்தூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். முப்பது வயதைத் தாண்டியபின் ஒருநாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். ராத்திரி தூங்காமல் கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் முதலில் மந்திரித்தார்கள், பிறகு தாயத்து கட்டினார்கள். யாராவது விசாரித்தால் "நரம்புத் தளர்ச்சி" என்றார்கள். அத்தை கல்யாணம் நிச்சயமாகிற நேரம் என்பதால், பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி, பின்கட்டு அறைக்குள் உட்காரவைத்தார்கள். அவர் அந்த அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். தன்னை ஏன் மறைக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. சில வருஷம் கழித்து ஒரு மனநல மருத்துவரிடம் போனதும் மூன்று நான்கு மாதத்தில் தூக்கம் திரும்பியது. மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். நடுவில் போன வருஷங்கள் போனவைதான்.

இப்படி ஒரு பின்கட்டு அறை நம்மில் பலருடைய வீட்டுக் கதையில் இருக்கிறது. காற்றுக் கருப்பு, செய்வினை, கிரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி என்று நோய்க்கு நாம் வைக்காத பெயர் இல்லை. நோயின் பெயரைச் சொல்லாமல் விட்டால் மானம் தப்பும் என்று நினைக்கிறோம். மானம் தப்புகிறதோ இல்லையோ, ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டிய வைத்தியம் தப்பிப்போகிறது.

மறைப்பதன் கடைசி எல்லை எது என்று தமிழ்நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகள். அந்தத் தீக்குப் பிறகுதான் நாடு விழித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தடை விதிக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. நோயாளியைப் பற்றிய விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. உடல்நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சாமியை நம்புகிறவர்களை நான் குறைசொல்ல வரவில்லை. நான் இருப்பது திருப்பதியில். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்து குடியை விட்டவர்களை நாம் எல்லோரும் அறிவோம். மனசுக்கு அப்படி ஒரு பிடி வேண்டித்தான் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர் வேங்கடவனைக் கும்பிட்டுவிட்டு மாத்திரையும் போட்டுக்கொள்கிறார், அதில் யாருக்கும் தவறு தெரிவதில்லை. மனநோய்க்காரருக்கும் அதுவே வழி. கோயிலுக்குப் போங்கள், டாக்டரிடமும் போங்கள்.

டாக்டர் எட்டாத தூரத்திலும் இல்லை. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. மறதி நோய், வலிப்பு போன்றவற்றுக்கு ஸ்விம்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் வேலூரை அடுத்த பாகாயத்தில் 1950களிலிருந்து நடந்துவருகிறது. நோயாளியைத் தனியே விட்டுவிட்டுப் போகாமல், குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியிருந்து நோயைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த மையம் தொடக்கத்திலிருந்து கடைப்பிடிக்கிற முறை. மனநோயாளிகளைச் சுவருக்குள் அடைத்துவிட்டுக் குடும்பம் மறந்துவிடுவது உலகமெங்கும் வழக்கமாயிருந்த காலத்தில், இங்கே நம் பக்கத்து ஊரில் குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார்கள். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

வீட்டை விட்டுக் கிளம்ப முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தெலுங்கிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நம்மைப் போல இரண்டு மொழி வீடுகளுக்கு இது பெரிய வசதி. பயம் வந்தவருக்கு அந்தப் பயத்தைத் தாய்மொழியில் சொல்லத்தான் வார்த்தை வரும்.

வாசகர்களாகிய நம்மிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை.

பஷீரைப் பற்றிப் பேசும்போது அவருடைய நோயையும் அதன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். இருதய நோய் வந்த எழுத்தாளர், புற்றுநோய் வந்த எழுத்தாளர் என்று எப்படிச் சொல்கிறோமோ அப்படி. பரிதாபமும் வேண்டாம், மர்மமும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அவரைப் படிக்கக் கொடுங்கள். ஆடு புத்தகம் தின்கிற இடத்தில் அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், இதை எழுதியவர் அப்போது மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். பதினைந்து வயதில் இதைக் கேட்ட பிள்ளை, இருபத்தைந்து வயதில் தனக்கோ நண்பனுக்கோ மனசு சரியில்லாமல் போனால் வெட்கப்படாமல் வாய்திறக்கும்.

வீட்டிலோ தெருவிலோ ஒருவர் நாலைந்து வாரமாகத் தூங்கவில்லை, யாரோ துரத்துவதாகச் சொல்கிறார், பேச்சே குறைந்துவிட்டது, அல்லது வயதானவர் பழகிய தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார் என்றால், ஊருக்குப் பயந்து நாளைக் கடத்தாதீர்கள். அவரைப் 'பைத்தியம்' என்றோ தெலுங்கில் 'பிச்சி' என்றோ யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே தடுங்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

குணமாகி வந்தவரிடம் பழையபடி வேலையைக் கொடுங்கள். கடை வைத்திருப்பவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள், ஆபீசில் பொறுப்பில் இருக்கிறவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். மருந்து பாதி வேலையைச் செய்யும். மறுபடியும் தன்னை நம்பி ஒரு பொறுப்பைத் தந்தார்கள் என்பது மீதியைச் செய்யும். ஊரும் பதிப்பாளர்களும் பஷீரிடம் அடுத்த கதையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிராட்செட்டின் வாசகர்கள் பணம் திரட்டினார்கள். நம்மால் முடிந்தவர்கள் அதையும் செய்யலாம். அரசு மருத்துவமனைக்கு வருகிற மனநோயாளியின் கூடத் தங்குகிறவருக்கு ஒருவேளைச் சாப்பாடும் ஊர் திரும்பப் பஸ் கட்டணமும் பெரிய உதவி. பணம் இல்லாதவர்கள் ஒருநாள் கூடப் போய் வரிசையில் நிற்கலாம்.

ஓர் எழுத்தாளரை நேசிக்கிறோம் என்று சொன்னால் போதாது. அவர் எதைத் துணிந்து சொன்னாரோ அதை நாமும் சொல்லப் பழக வேண்டும். பஷீர் 1959இல் சொல்லிவிட்டார். நாம் இன்னும் பின்கட்டு அறைக் கதவைத் திறக்காமல் இருக்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஓர் அறை இருந்தால் இந்த வாரமே திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். முடியவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள்.

அன்புடன்,
திருப்பதியிலிருந்து
உங்களில் ஒரு வாசகர்